நான் நீக்கிய தாய்மாமன்

கெட்ட வார்த்தைகளை அகர வரிசையில் அடுக்குவதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும்படியான உத்தியோகம் இல்லைதான். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டபோதெல்லாம் அப்பா "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு மிக்சர் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்திவிடுவார். வாய் நிறைய மிக்சர் இருக்கும்போது யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். படித்து முடித்த கையோடு நாமக்கல்லில் தங்கவேல் அண்ணனின் கோழி மருந்துக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் எங்கேயாவது ஒரு புது விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டால் அதை உடனே கடையில் செய்து பார்த்தாக வேண்டும் அவருக்கு. அப்படித்தான் கோழிப் பண்ணைக்காரர்களுக்கென்று இணையத்தில் ஓர் அரட்டை மன்றம் தொடங்கினார். பெயர் 'கொண்டை மன்றம்'. முட்டை விலை, தீவனம், கோழிக்கு வரும் சீக்கு, அதற்கு மருந்து (மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?) என்று நாலு நல்ல விஷயம் பேசுவார்கள் என்பது அண்ணனின் திட்டம்.

பண்ணைக்காரர்களுக்கு வேறு திட்டம் இருந்தது. தினமும் காலையில் அன்றைய முட்டை விலையை நான் பதிவிடுவேன். விலை இறங்கியிருந்தால் விலையைத் திட்டுவார்கள். பிறகு அதைப் பதிவிட்ட என்னைத் திட்டுவார்கள். ஏறியிருந்தால், முந்தின நாளே அவசரப்பட்டு விற்றவர்கள் விற்காமல் வைத்திருந்தவர்களைத் திட்டுவார்கள். ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்றால், கை அரிக்குமோ என்னவோ, போன மாதத்துச் சண்டையை எடுத்துத் தூசி தட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் மருந்து கம்பெனி ஆள் ஒருவர் மன்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்குது?" என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"கோமதி, இன்னைக்கிருந்து நீதான் மட்டுறுத்துநர்."

"அப்படின்னா என்னாண்ணா?"

"யாராச்சும் எச்சாப் பேசுனா ஒரு தட்டுத் தட்டி அடக்கி வெக்கறது."

அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தாரோ தெரியாது. மன்றத்தில் ஒருவராலும் அதை முழுசாக எழுத முடியவில்லை. இரண்டே நாளில் நான் 'மட்டு மேடம்' ஆனேன். இன்றுவரை அந்தப் பக்கம் அதுதான் என் பெயர்.

மன்றத்தின் மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. தகாத சொற்களை முன்கூட்டியே அதற்குச் சொல்லிவைத்துவிட்டால், யாராவது அவற்றை எழுதும்போது தானாகவே நட்சத்திரங்களாக மாற்றிவிடும். சிக்கல் என்னவென்றால், எனக்குத் தெரிந்த தகாத சொற்கள் ரொம்பக் கொஞ்சம். சனியன், மூதேவி, தண்டச்சோறு என்ற அளவோடு என் படிப்பு நின்றுபோயிருந்தது. ஆத்தூரில் எங்கள் அம்மா அதற்குமேல் எதையும் வீட்டில் புழங்கவிட்டதில்லை. அண்ணனிடமே கேட்டேன்.

அண்ணன் நெளிந்தார். "அதையெல்லாம் ஒரு பொம்பளைப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது அம்மிணி?"

"சொன்னாத்தானேண்ணா தடுக்க முடியும்?"

நியாயம் அவருக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கே மாட்டியிருந்த சாமி காலண்டரைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு "மன்னிச்சுக்கோ சாமி" வேறு. (அது எனக்கா காலண்டருக்கா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் சின்னவர்களையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.) நான் அமைதியாகத் தட்டச்சு செய்துகொண்டே, "இது குறிலாண்ணா, நெடிலாண்ணா?" என்று சந்தேகம் கேட்டேன். அந்த நேரம் பார்த்து மருந்து வாங்க ஒரு பண்ணைக்காரர் உள்ளே வந்தார். முதலாளி சுவரைப் பார்த்து வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருப்பதையும், ஒரு பெண் அதைப் பணிவோடு எழுதிக்கொண்டிருப்பதையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நான் அப்பறமா வாரேனுங்க" என்று போய்விட்டார்.

நிஜத்தைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒரு சொல் எதனால் வசவாகிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் சோறு தண்ணி மறந்துவிடும். நாய் நன்றியுள்ள பிராணி என்கிறோம். பிறகு அதை வைத்தே திட்டுகிறோம். எருமை பால் கொடுக்கிறது. அதற்கு என்ன மரியாதை கிடைக்கிறது? கோழியை யாரும் வசவாகப் பயன்படுத்தவில்லையே ஏன்? (இதை மன்றத்தில் கேட்டேன். "நம்மளுக்குச் சோறு போடறதை எப்படிங்க மேடம் திட்டறது?" என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். கண் கலங்கிவிட்டது.)

நாயும் எருமையும் (பேச்சுவழக்கில் 'எரும' என்பார்களே, அதுவும்) பட்டியலில் சேர்ந்த அன்றே வினை ஆரம்பித்தது. "ராத்திரி நாய் பூந்து கோழியத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்று ஒருவர் எழுத, நாய் இருந்த இடத்தில் நட்சத்திரங்கள் முளைத்தன. யார் தூக்கிக்கொண்டு போனது என்று மன்றமே துப்புத் துலக்கியது; மூன்று பேர் மேல் சந்தேகம் விழுந்தது. அடுத்தது எருமப்பட்டிக்காரர்கள். அவர்கள் ஊர்ப் பெயரை எழுதினால் நட்சத்திரம், நட்சத்திரம், அதற்குப் பின்னால் ஒரு 'பட்டி'. "எங்க ஊருப் பேரே உங்களுக்குக் கெட்ட வார்த்தையாப் போச்சுங்களா?" என்று கேட்டார்கள். அதைச் சரிசெய்யத் தெரியாமல் பல நாள் விழித்தேன்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்தப் பக்கத்து மனிதர்கள் எதைச் சொன்னாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். "ஏனுங்க, உங்களுக்கு அறிவுங்கறது இருக்குதுங்களா இல்லீங்களா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டிருந்தார். இது வசவா, விசாரிப்பா? அந்தப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கேட்கப்பட்டவர், "இருக்குதுங்க, உங்களுக்கும் கொஞ்சம் வேணுங்களா?" என்று பதில் போட்ட பிறகுதான் தெளிவு பிறந்தது.

இப்படி நான் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த காலத்தில், மன்றத்தின் இரண்டு தூண்கள் என்று 'முட்டை முதலாளி', 'ஒத்தச் சேவல்' என்ற இரண்டு பேரைச் சொல்லலாம். எல்லோரையும்போல அவர்களும் புனைபெயரில்தான் எழுதினார்கள். காலையில் விலை போட்டதும் முதல் ஆளாக முட்டை முதலாளி வந்து, விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஒத்தச் சேவலை ஒரு வரி திட்டுவார். ஒத்தச் சேவல் இரண்டு வரி திட்டுவார். மத்தியானத்துக்குள் அது ஒரு கட்டுரை அளவுக்கு வளர்ந்திருக்கும்.

"பன்னாடை, நீயெல்லாம் பண்ணை வெச்சிருக்கறீன்னு கோழிகளுக்குத் தெரியுமாடா?" என்பார் ஒருவர்.

"உன்ற மூஞ்சியப் பாத்தா கோழி நாளைக்குப் போடற முட்டையவும் இன்னைக்கே போட்டுட்டு ஓடிரும்" என்பார் மற்றவர். "உனக்குப் பொண்ணு குடுத்த குடும்பத்தை நெனச்சா எனக்கு அழுகாச்சியா வருது."

கெட்ட வார்த்தை என்று பார்த்தால் பன்னாடையைத் தாண்டி எதுவும் இருக்காது. ஆனால் படிக்கிற எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்படியா ஒரு மனிதனை ஊர் பார்க்க அசிங்கப்படுத்துவது? பெண் கொடுத்த குடும்பத்தை எதற்கு இழுக்க வேண்டும்? ஒரு மட்டுறுத்துநர் உயிரோடு இருக்கும்போதே இது நடக்கலாமா?

இருவரையும் அவர்கள் திட்டிய பதிவுகளோடு சேர்த்துத் தூக்கினேன்.

வெறுமனே தூக்கியிருந்தால் பரவாயில்லை. காரணம் சொல்லாமல் நடவடிக்கை எடுத்தால் சர்வாதிகாரம் மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு ஜனநாயகக் கவலை. வேறொரு மன்றத்தின் அறிவிப்பை அப்படியே எடுத்துப் போட்டேன். படிக்கிறதற்கு அரசாங்க உத்தரவு மாதிரி கம்பீரமாக இருந்தது: 'சக உறுப்பினர் அளித்த புகாரின் பேரில், தகாத முறையில் எழுதியதற்காக இவர் மன்றத்திலிருந்து நீக்கப்படுகிறார்.' இரண்டு பேர் பெயருக்குக் கீழேயும் தனித்தனியாக, எல்லோரும் பார்க்கும்படி.

எந்த உறுப்பினரும் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். என் அழகுணர்ச்சி செய்த வேலை அது.

மன்றம் இரண்டாகப் பிளந்தது. "சபாஷ் மேடம், இப்பத்தான் குடும்பத்தோட படிக்கற மாதிரி இருக்குது" என்று ஒரு கட்சி. "அவிங்க ரெண்டு பேரும் இல்லாட்டி நாங்க வெறும் முட்டை வெலையப் பாக்கறதுக்கா வாரோம்?" என்று இன்னொரு கட்சி. திட்டுவதும் கருத்துச் சுதந்திரமா என்று ஒரு வாக்குவாதம். சுதந்திரம் பேசியவரைத் தடை கேட்டவர் திட்ட, திட்டியவரைச் சுதந்திரம் பேசியவர் தடுக்கச் சொன்னார். நடுவில் ஒருவர் என்னையே "ஆத்தூருல இருந்து அதிகாரம் பண்ண வந்துட்டா" என்று எழுதினார். என்னைத் திட்டிய பதிவை நானே நீக்கினால் அது நீதியா, நீக்காவிட்டால் அது கோழைத்தனமா என்று எனக்கு விளங்கவில்லை. நான் அதற்கு ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரு மொபெட் நின்றது. உள்ளே ஒரு பெண். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை.

"இங்க மட்டு மேடம்ங்கறது யாருங்க?"

"நான்தாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய மீசை வைத்த ஆளை எதிர்பார்த்து வந்திருப்பார்போல. "என்ற பேரு சரோஜாங்க. முட்டை முதலாளின்னு எழுதறவரு எங்கூட்டுக்காரர் குமரேசனுங்க."

"அவரைத் திரும்பச் சேர்க்கணும்னா ஒரு மன்னிப்புக் கடிதம்..." என்று நான் கம்பீரமாக ஆரம்பித்தேன்.

"அந்த ஒத்தச் சேவல் இருக்கறானுங்களே, அவன் என்ற கூடப்பொறந்த தம்பி சின்னராசுங்க."

சரோஜா அக்கா குழந்தையை மேசைமேல் உட்கார வைத்தார். "மாமனும் மாப்ளையுமுங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து ரெண்டும் இப்படித்தானுங்க திட்டிக்கும். எந்தம்பி ஓமலூர்ப் பக்கம் பண்ணை போட்டுப் போயிட்டானுங்க. நேர்ல திட்டிக்க முடியறதில்லீன்னு உங்க மன்றத்துல வந்து திட்டிட்டு இருந்தாங்க. நாலு பேரு பாக்கறாங்கன்னு இன்னும் கொஞ்சம் சேர்த்தித் திட்டுவாங்க. இப்ப நீங்க புகார் குடுத்தாங்கன்னு எழுதிப் போட்டீங்களா? இவரு, 'நான் அத்தனை பிரியமாத் திட்டறேன், உந்தம்பி என்ற மேல புகார் குடுத்துட்டான்'ங்கறாரு. அவன், 'மாமனே எம்மேல பிராது குடுத்தப்பறம் என்னக்கா ஒறவு'ங்கறான்."

நான் மெதுவாக, "புகாரே யாரும் குடுக்கலைங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க எழுதுனீங்க?"

வாக்கியம் மொட்டையாக இருந்தது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை இவளுக்குக் காது குத்துங்க. எருமப்பட்டி பக்கத்துல எங்க கோயில்ல. தாய்மாமன் மடியில உக்காத்தி வெச்சுத்தானுங்க குத்தோணும்." (அந்த அழைப்பை முட்டை முதலாளி மன்றத்திலேயே போட்டிருந்தார். நானும் படித்திருந்தேன். ஊர்ப் பெயரில் இருந்த நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வருத்தப்பட்டிருந்தேன்.) "எந்தம்பி சீரு கொண்டாருவானாம், மடியில வெச்சுக் குத்திக்குவானாம், ஆனா கை நனைக்க மாட்டானாம். ஒருவாய் சோறு திங்காமப் போறேங்கறான். அப்படிப் போயிட்டான்னா எனக்கு அப்பறம் பொறந்த ஊடு ஏதுங்க?"

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். குழந்தை என் கால்குலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. எங்கள் வீட்டிலும் அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் காலை வாரிக்கொண்டேதான் இருப்பார்கள். அதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவள் நான். எந்த ஊரிலும் ஒருவர் இன்னொருவரைத் திட்டினால், இரண்டு பேரும் என்ன முறை என்றுதான் முதலில் கேட்போம். திரையில் வந்ததும் அந்தக் கேள்வியை எப்படி மறந்தேன்?

இரண்டு பேரையும் உடனே திரும்பச் சேர்த்தேன். 'புகார் எதுவும் வரவில்லை' என்று அறிவிப்புப் போட்டேன். சின்னராசுக்குப் போன் செய்தேன். அவர் குரலில் இருந்த மரியாதையைக் கேட்டு எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது.

"பரவால்லீங்க மேடம். தப்பு எம்மேலதானுங்க. அவரு பெரியவருங்க. அவரை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க."

"சும்மா இருங்க, நீங்க நல்லாத்தான் திட்டினீங்க!" என்றேன் நான். (ஒரு மட்டுறுத்துநர் இப்படிக் கெஞ்சியதை அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டார். காலண்டரைச் சரிசெய்தார்.)

"நீங்க சமாதானத்துக்குச் சொல்றீங்க. வெச்சுடறேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் கோயிலுக்குப் போனோம். வேப்பமரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கறிக்குழம்பு கொதித்தது. சின்னராசு ஓமலூரிலிருந்து தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளைச் சட்டையில் ஒல்லியான ஆள். குமரேசன் தொப்பையும் துண்டுமாக எதிரே போனார். மொத்தக் கூட்டமும் பேச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தது.

"வாங்க" என்றார் குமரேசன்.

"வந்தேனுங்க" என்றார் சின்னராசு.

"பிரயாணமெல்லாம் சவுகரியமா இருந்ததுங்களா?"

"இருந்ததுங்க."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அய்யோ, ரெண்டும் மரியாதையாப் பேசுதே! குடும்பம் ஒடைஞ்சு போச்சு போ."

அதுவரை எத்தனையோ வசவுகளை நான் ஆராய்ந்திருக்கிறேன். ஒரு 'வாங்க' இவ்வளவு ஆழமாகக் குத்தும் என்று எனக்குத் தெரியாது. அதை எந்தப் பட்டியலில் போட்டுத் தடுப்பது?

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை மாமன் மடியில் வைத்தார்கள். அது ஊரே அதிரும்படி வீறிட்டது. ஆசாரி கம்பியை வைத்துக்கொண்டு, "அழுகைய நிறுத்துங்க, தலைய ஆட்டுனா குத்த முடியாது" என்றார். கிலுகிலுப்பை ஆட்டினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சின்னராசு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். குமரேசன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தினார்.

"நீங்களே எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லிப் போடுங்க."

எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு செய்தி வாசித்த அனுபவம் மட்டும் உண்டு. அந்தக் குரல்தான் வந்தது. "அனைவருக்கும் வணக்கம். குமரேசன் அவர்களோ சின்னராசு அவர்களோ ஒருவர்மீது ஒருவர் எந்தப் புகாரும் அளிக்கவில்லை. அது என்னுடைய தவறு."

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். சரோஜா அக்காவுக்கும் சின்னராசுக்கும் அப்பா என்று பிறகு தெரிந்தது. "பிராதே இல்லாம எதுக்கு அம்மிணி எடுத்தே? அப்படி என்னதான் எழுதிப் போட்டாங்க?"

"ஆமா, என்ன எழுதுனாங்க, படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து பல குரல்கள். சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

நான் அந்த இடத்திலேயே மைக்கை வைத்துவிட்டு ஆத்தூர் பஸ் ஏறியிருக்க வேண்டும். பதிலாகப் போனை எடுத்தேன். நீக்கிய பதிவுகள் எனக்கு மட்டும் தெரியும். என் முடிவு நியாயமானதுதான் என்று நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் வந்தால் எந்த மட்டுறுத்துநர் விடுவார்?

"முட்டை முதலாளி என்கிற குமரேசன் அவர்கள் எழுதியது" என்று தொடங்கினேன். "பன்னாடை. நீயெல்லாம் பண்ணை வைத்திருக்கிறாய் என்று கோழிகளுக்குத் தெரியுமாடா?"

மரத்துமேல் இருந்த ஒலிபெருக்கி அதை அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனது. சாமி சன்னிதிக்கு நேர் எதிரே, பன்னாடை என்று இரண்டுதரம் எதிரொலித்தது. தங்கவேல் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஒத்தச் சேவல் என்கிற சின்னராசு அவர்கள் எழுதியது. உனக்குப் பெண் கொடுத்த குடும்பத்தை நினைத்தால் எனக்கு அழுகாச்சியாக வருகிறது."

"டேய்!" என்று கத்தினார் பெரியவர். "அந்தக் குடும்பம் நாமதான்டா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சின்னராசு உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கவனத்தில் விரல் பட்டு, போனில் வரிகள் மேலும் கீழும் ஓடின. எது யாருடையது என்று தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. கிடைத்ததைப் படித்தேன்.

"மீண்டும் சின்னராசு அவர்கள் எழுதியது. உன் மூளையை எடுத்துக் கோழிக்குத் தீவனமாக வைத்தால், கோழி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெறும் தொட்டியைக் கொத்தும்."

பெண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அட, ஆருப்பா இவன், இப்படி எழுதியிருக்கறான்!" என்று யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் சின்னராசை மெச்சுதலோடு பார்த்தார்கள்.

மரத்தடியிலிருந்து குமரேசன் துள்ளி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க மேடம், நிறுத்துங்க! அது நான் எழுதுனதுங்க!"

"சாரிங்க, பேர் மாறி..."

"ரெண்டு நாள் ரோசனை பண்ணி எழுதுனதுங்க அது! அந்தப் பன்னாடைக்கு அத்தனை அறிவு ஏதுங்க?"

சின்னராசின் தலை நிமிர்ந்தது. "ஆரைப் பாத்துப் பன்னாடைங்கறே? தொப்பைக்குள்ள துண்டத் தொலைக்கற ஆளு, நீ எழுதுனயா? உனக்குப் பேனா புடிக்கறதுக்கே எங்கக்கா கூட வரோணும்!"

"நேத்துப் பொறந்த பயலே, மடியில எம் புள்ள இருக்குதேன்னு பாக்கறேன்!"

"இல்லாட்டி என்ன புடுங்கிருவே, மாமா?"

மாமா என்ற சொல் விழுந்ததும் சரோஜா அக்கா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். சாமியையா மைக்கையா என்று நான் கவனிக்கவில்லை. மாமன் மடியிலிருந்த குழந்தை, தன் தலைக்கு மேலே இரண்டு பக்கமும் பறந்த வசவுகளை அண்ணாந்து பார்த்தது. அழுகையை நிறுத்தியது. பிறகு கெக்கே பிக்கே என்று சிரித்தது. ஆசாரி அதற்காகத்தான் காத்திருந்தவர்போலக் காதைப் பிடித்துக் குத்திவிட்டார். "அடுத்த காதுக்கும் அப்படியே திட்டிட்டு இருங்க, நிறுத்திப் போடாதீங்க" என்றார்.

அடுத்த காதுக்கும் திட்டினார்கள்.

சின்னராசு அன்று மூன்று முறை கறிச்சோறு வாங்கிச் சாப்பிட்டார். குமரேசனே பரிமாறினார். "தின்னுடா, ஓமலூர்ல சோறே கண்டதில்லையா?" என்றபடி குழம்பை ஊற்றினார். நான் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு இலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். சாமி முன்னால் மைக்கில் பன்னாடை என்று வாசித்த பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை கிடைப்பான் என்பது என் கவலை.

சின்னராசு கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். "மேடம், உங்களைத் திட்டோணும்னு எனக்கு வாய் ஊறுதுங்க. ஆனா மேடம்னு இருந்தா திட்டறதுக்கில்லீங்க. ஏதாச்சும் ஒரு முறை வெச்சாகோணும்."

குமரேசன் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னைக்கிருந்து இவ என்ற தங்கச்சி. நீ தாராளமாத் திட்டிக்கோ."

மறுநாள் காலையில் முட்டை விலைக்குக் கீழே முதல் மறுமொழியாக என்னைப் பற்றி ஒத்தச் சேவல் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. நான் நீக்கவில்லை. முறை வந்துவிட்ட பிறகு எப்படி நீக்குவது? மன்றத்தின் விதியையும் மாற்றினேன். யாராவது யாரையாவது திட்டினால், முதலில் 'நீங்கள் இருவரும் என்ன முறை?' என்று கேட்பேன். மாமன் மச்சான் என்று பதில் வந்தால் விட்டுவிடுவேன். பங்காளிகள் என்றால் அந்த நிமிஷமே இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிடுவேன். உறவே இல்லை என்று சொன்னவர்களில் பாதிப் பேர், விசாரித்துப் பார்த்தால் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். அதன் பிறகு அவர்கள் இன்னும் உற்சாகமாகத் திட்டிக்கொண்டார்கள்.

கொண்டை மன்றம் இப்போது இல்லை. எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள். எனக்கும் கல்யாணமாகி, ஆத்தூரிலேயே இருக்கிறேன். (அவருக்கு அந்தக் கதையை நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். "அந்த ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.) அன்று மொட்டைத் தலையோடு சிரித்த குழந்தை தாரணி இப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்குப் போன் கிடைத்த நாளிலிருந்து அந்த வீட்டு நிலவரம் எனக்கு அவள் மூலமாகத்தான் வருகிறது.

போன வாரம் கூப்பிட்டாள். குரல் பதறியது.

"அத்தை, உடனே பொறப்பட்டு வாங்க. அப்பனுக்கும் மாமனுக்கும் பெருசா ஆயிருச்சு."

"என்னடி ஆச்சு? திட்டிக்கிட்டாங்களா?"

"இல்லீங்கத்தை. அப்பன் மாமனைப் பாத்து, 'சொல்லுங்க'ன்னுட்டாரு."